ஈரறிவுயிரும் இல்லறமும்

இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாத சுவாமியின் இலாஞ்சனம் சங்கு என்பதை நம் இல்லத்துச் சிறுவர்களும் அறிவர். போளூரை அடுத்த திருமலையில் ஏறத்தாழ 16 அடி உயரத்தில் பாறையில் செதுக்கப்பட்டு நிற்கும் நேமிநாதரை வணங்காத தமிழ்ச் சமணக் குடும்பம் அரிது. மேல்சித்தாமூரில் எழுந்தருளியுள்ள நேமிநாதரோ, முன்பு மயிலாப்பூர்க் கடற்கரையில் கோயில் கொண்டிருந்தவர் என்றும், கடல் பெருகி வந்த காலத்தில் அங்கிருந்து கொண்டுவரப்பட்டவர் என்றும் நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். ஆக, இப்பெருமானுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு தமிழ்நாட்டில் பழையது.

அவர் துறவு பூண்ட வரலாறும் யாவரும் அறிந்ததே. இராஜமதியை மணக்கத் தேரேறிச் சென்றவர், வழியில் அடைபட்டுக் கிடந்த விலங்குகளின் கதறலைக் கேட்டார். அவை மணவிருந்துக்கு என்று அறிந்ததும் தேரைத் திருப்பினார். ஊர்ஜயந்த கிரிக்குச் சென்று துறந்தார். விலங்குகள் கதறின, அவர் செவியில் அது விழுந்தது. ஆனால் அவருடைய பீடத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் உயிரோ கதறும் ஆற்றல் இல்லாதது. நாம் சங்கொலி என்று சொல்வது சங்கின் ஒலியன்று. அது இறந்த பின் எஞ்சிய ஓட்டில் புகும் நம் மூச்சின் ஒலியே. உயிரோடிருந்த நாளில் அது ஒரு சொல்லும் சொன்னதில்லை. கதறாத உயிருக்காகத் தேரைத் திருப்புவார் யார் என்பதே நாம் ஈண்டு எண்ண விரும்புவது.

இவ்வினா நமக்கு ஏட்டளவில் நிற்பதன்று. இராமேசுவரம் சென்று வருவோர் சங்கும், சிப்பி மாலையும், முத்தும் வாங்கி வருவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. புலால் கடையை ஏறெடுத்தும் பாராத நம் குடும்பத்தார், அத்தெருக்களில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் சங்குகளை விலை பேசி வாங்கிப் பூசையறையில் வைக்கின்றனர். புனிதப் பொருள் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அதனை உயிரின் உடல் என்று எண்ணுவார் சிலரே.

நம் ஆசாரியர்கள் அவ்வாறு எண்ணினார்கள். பொன்னூர் மலையில் தவம் புரிந்தவராக நாம் போற்றும் குந்தகுந்தாசாரியர், பஞ்சாஸ்திகாயத்தில் உயிர்களை இந்திரிய வகையால் பகுக்கும்போது, நத்தை, சங்கு, சிப்பி, காலில்லாப் புழு முதலியவற்றைப் பெயர் சுட்டியே இரண்டு இந்திரியமுடைய உயிர்களாக வைக்கிறார். உறுதலையும் சுவைத்தலையும் அவை அறியும். நம் தொல்காப்பியமும் மரபியலில் இதனையே கூறுகிறது. நந்தும் முரளும் ஈரறிவின என்று அது வகுக்க, உரையாசிரியர்கள் நந்து என்பதில் சங்கையும் நத்தையையும், முரள் என்பதில் இப்பியையும் கிளிஞ்சிலையும் அடக்கினர். மெய், நா, மூக்கு, கண், செவி என்று அறிவு ஒவ்வொன்றாக ஏறிச் செல்லும் அவ்வரிசை ஆகம வரிசையோடு அப்படியே ஒத்திருப்பதைக் கண்டு, தொல்காப்பியர் சமணரே என்று துணிந்த அறிஞரும் உண்டு. அவ்வழக்கை இங்கு நாம் எடுக்கவில்லை. தமிழன் தன் இலக்கண நூலிலேயே சங்குக்கு அறிவு உண்டு என்று எழுதி வைத்தான் என்பது நமக்குப் போதும். இக்கால விலங்கியலார் சங்கினத்துக்கு நீரில் மணம் அறியும் உறுப்பும், ஒளி அறியும் சிறு கண்களும் உண்டு என்கின்றனர். அவர்கள் கூற்றைக் கொண்டால் நம் பொறுப்பு மிகுமேயன்றிக் குறையாது.

இனி அக்கடற்கரையைப் பார்ப்போம். வைகை கடலில் கலக்கும் இடத்தருகே உள்ள அழகன்குளத்தில் 1986-87 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை பல முறை அகழாய்வு நடத்தியது. உரோமானியக் காசுகளும், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்த அவ்விடத்தில் சங்கு வளையல்களும் கிடைத்தன. அகநானூற்றின் 24ஆம் பாடலில், வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் அரத்தால் சங்கை அறுத்து வளை செய்யும் காட்சி வருகிறது. வேதத் தொழிலை விட்டவனுக்குச் சங்கறுக்கும் தொழில் கிடைத்தது என்றால், அத்தொழில் எத்துணைப் பெரிதாக நடந்திருக்க வேண்டும்! பிற்காலத்தில் கீழக்கரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் சங்கு குளிப்போருக்குப் பெயர் பெற்றன. இராமநாதபுரச் சேதுபதிகளுக்குச் சங்கு வருவாய் உண்டு. சென்னை மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இச்சங்கைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். மூட்டை மூட்டையாக வங்காளத்துக்குச் சென்ற சங்குகள் அங்கு மணமான பெண்களின் கையில் வளையலாயின.

கடலடி மணலில் புழுக்களைத் தின்று மெல்ல ஊர்ந்து வாழ்வது அவ்வுயிர். புழுவைத் தின்பதால் அதன் உயிர் மலிவாகிவிடாது. மூச்சடக்கி மூழ்குவோர் அதனைக் கையால் எடுப்பர். கரையில் சதையை அகற்றுவர். அல்லது அது அழுகி வெளிவரும்வரை குவித்தோ புதைத்தோ வைப்பர். வாய்மூடியாகிய ஓட்டுத் தகடு ஊதுபத்திக்கு மணம் சேர்க்கச் செல்லும். பின் ஓட்டைத் தேய்த்து வெளுப்பாக்குவர். நாம் கடையில் காணும் வெண்மை இவ்வாறு வந்தது. சுட்ட சங்கின் வெண்மையை மேன்மக்களின் குணத்துக்கு உவமை கூறி மகிழும் நாம், அவ்வெண்மைக்கு முன் நிகழ்ந்ததைக் கேட்பதில்லை.

பழைய வைதிகர் சங்கை எவ்வாறு கண்டனர்? அதர்வ வேதத்தின் நான்காம் காண்டத்தில் சங்கமணி பற்றிய சூக்தம் ஒன்றுண்டு. கடலில் பிறந்தது, பொன்னுக்கு நிகரானது, அரக்கரையும் நோயையும் ஓட்டுவது, நீண்ட ஆயுளைத் தருவது என்று போற்றி அதனை உடலில் கட்டிக்கொள்ளச் செய்வது அதன் நோக்கம். அங்கே சங்கு ஓர் ஆற்றல். காற்றிலிருந்தும் மின்னலிலிருந்தும் தோன்றியதாகவும் சொல்லப்படுகிறது. அதனுள் வாழ்ந்தது எது என்ற கேள்வி அங்கு எழவில்லை. ஆனால் புராண காலத்தில் அக்கேள்வி வேறு வடிவில் வந்துவிட்டது. கண்ணபிரானின் பாஞ்சசன்னியத்தின் கதை அது. பஞ்சசனன் என்னும் அசுரன் கடலில் வாழ்ந்தான். அவனைக் கொன்றே கண்ணன் அச்சங்கைப் பெற்றான் என்று வைணவப் புராணங்கள் சொல்லும். எந்தச் சமயத்தையும் இழித்துரைப்பது நம் நோக்கமன்று. சங்கு வேண்டுமெனில் அதனுள் இருப்பவன் சாகவேண்டும் என்ற உண்மையை அக்கதை மறைக்கவில்லை. அவனை அசுரனாக்கி அந்த உண்மையின் கூர்மையைக் குறைத்திருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். நம் அரிவம்ச புராணத்திலும் நேமிநாதர் விளையாட்டாக அதே பாஞ்சசன்னியத்தை எடுத்து ஊதிய செய்தி வருகிறது. துவாரகை நடுங்கியதாம். அந்த வலிமையைக் காட்டியவரே, பின்னர் சில விலங்குகளின் குரல் கேட்டு வலிமை அனைத்தையும் கீழே வைத்தார்.

பௌத்தரிடமும் ஒரு சங்கு உண்டு. அது நம் சமயத்தோடு நேரே தொடர்புடையது. சம்யுத்த நிகாயத்தில், நாளந்தையில் அசிபந்தகபுத்தன் என்னும் ஊர்த்தலைவன் புத்தரைக் காண வருகிறான். அவன் நிகண்டரின் மாணாக்கன். அதாவது மகாவீர சுவாமியைப் பின்பற்றியவன். உங்கள் ஆசிரியர் என்ன போதிக்கிறார் என்று புத்தர் கேட்கிறார். கொல்பவன் நரகடைவான், ஒருவன் எதில் மிகுதியாக ஒழுகுகிறானோ அதுவே அவனை இட்டுச் செல்லும் என்று போதிக்கிறார் என்கிறான். அப்படியானால் ஒருவரும் நரகடைய மாட்டார்களே, கொலைஞனும் கொல்லும் நேரத்தைவிடக் கொல்லாத நேரமே மிகுதியன்றோ என்று புத்தர் மடக்குகிறார். பின்னர், செய்த தீமையை நினைந்து வருந்தி இனிச் செய்யேன் என்று விலகுவதையும், நான்கு திசையும் கேட்க ஊதும் வல்லவனின் சங்கொலி போல அன்பை எங்கும் பரப்புவதையும் உபதேசிக்கிறார். அவன் புத்தரின் உபாசகனாகிறான்.

எதிர்த் தரப்பார் எழுதி வைத்த வாதத்தில் நம் தரப்பு தோற்பது இயல்பே. நம் நீலகேசியில் பௌத்தர் தோற்பதும் அவ்வாறே. எனினும் அந்த மடக்குதலுக்கு விடை கூறாமல் கடப்பது நேர்மையாகாது. நாழிகைக் கணக்கால் வினை கட்டுவதில்லை என்பதே நம் ஆகமத் துணிபு. மித்தியாத்துவம், அவிரதி, பிரமாதம், கஷாயம், யோகம் என்ற ஐந்தைப் பந்தத்துக்குக் காரணமாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. இவற்றுள் அவிரதி என்பது விரதமின்மை; விலகுகிறேன் என்று உறுதி கொள்ளாமை. கொல்லாமல் உறங்கும் கொலைஞன் கொலையிலிருந்து விலகியவன் அல்லன். வேளை வரவில்லை, அவ்வளவே. புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திரர், இம்சை செய்தலும் இம்சை, இம்சையிலிருந்து விலகாதிருத்தலும் இம்சை என்று இதனைத் தெளிவுபடுத்துவார். விலகுதலை வற்புறுத்தும் அளவில் புத்தரின் உபதேசமும் இதனின்று வெகுதொலைவில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதனை நம் வினாவோடு பொருத்திப் பார்க்கலாம். பத்தாண்டுக்கு ஒருமுறை இராமேசுவரம் செல்லும் குடும்பம் ஒரு சங்கு வாங்குகிறது. மற்றைய நாளெல்லாம் நாம் சங்கைத் தொட்டதும் இல்லையே என்று சொன்னால், அது அசிபந்தகபுத்தனை மடக்கிய அதே நாழிகைக் கணக்குத்தான். வாங்க மாட்டேன் என்ற நினைவு ஒருநாளும் தோன்றாத மனத்துக்கு இடைப்பட்ட ஆண்டுகள் கணக்கில் வருவதில்லை.

வாங்குவோன் கொன்றவன் ஆவானா என்ற வாதமும் பழையதே. புலால் மறுத்தலில் வள்ளுவர், தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால் விலைக்காக ஊன் தருவாரும் இலர் என்ற கருத்தை வைத்தார். குறளை ஏலாசாரியராகிய குந்தகுந்தரே இயற்றினார் என்பது நம்மவர் மரபு, பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அதற்காக விரிவாக வாதிட்டார். ஊனுக்குச் சொன்னது ஓட்டுக்கும் பொருந்தும். சுவேதாம்பர ஆசாரியராகிய ஹேமசந்திரர் 12ஆம் நூற்றாண்டில் யோகசாஸ்திரத்தில் இல்லறத்தார் விலக்கவேண்டிய பதினைந்து தொழில்களைக் கூறும்போது, தந்த வாணிகம் என்பதற்குத் தரும் விளக்கம் நம்மைப் பெரிதும் சிந்திக்க வைக்கிறது. இயங்கும் உயிர்களின் தந்தம், மயிர், நகம், எலும்பு, தோல் முதலியவற்றை அவை விளையும் இடத்திலேயே சென்று வாணிகத்துக்காகப் பெறுவது குற்றம் என்கிறார். விளையும் இடத்தில் விலை கொடுத்தால் அவ்விலையை நோக்கியே அடுத்த உயிர் கொல்லப்படும் என்பதே காரணம். திகம்பர மரபில் பண்டிதர் ஆசாதரரும் இப்பதினைந்து கொடுந்தொழில்களைக் குறிப்பிடுகிறார்.

விளையும் இடம் என்ற சொல்லில்தான் நமக்கு நெருடல். ஜெய்ப்பூரிலோ தில்லியிலோ முத்து வாங்கும் சமணருக்குக் கடல் தொலைவு. தமிழ்ச் சமணருக்கோ சங்கும் முத்தும் விளையும் ஆகரம் மன்னார் வளைகுடா. நம் மாநிலத்துக் கரை. ஹேமசந்திரர் வணிகரை நோக்கிச் சொன்னார், நாம் வணிகர் அல்லரே என்று சிலர் கூறலாம். ஆயினும் கிருதம், காரிதம், அனுமோதனம் என்று நம் ஆகமம் மூன்றாகப் பகுத்திருக்க, கரையோரக் கடையில் நீட்டும் பணத்தைக் காரிதத்திலிருந்து பிரிப்பது எளிதன்று.

இங்கே நம் வரலாற்றிலேயே ஒரு முள் இருக்கிறது. அதனை மறைத்து எழுத நாம் விரும்பவில்லை. மதுரையை அடுத்த மாங்குளம் மலைக்குகையில் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கணி நந்தாசிரியன் என்னும் நம் முனிவருக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனைச் சார்ந்தோர் அளித்த கொடையும், வெள்ளறை நிகமத்தார் அளித்த கொடையும் அவற்றில் பதிவாகியுள்ளன. கொடையாளருள் அந்நிகமத்துக் காவிதி ஒருவனுடைய பதவிப் பெயரை ஐராவதம் மகாதேவன் அவர்கள் முத்துக்களின் மேற்பார்வையாளன் என்று பொருள்கொண்டார். அப்பொருள் சரியெனில், தமிழகத்துச் சமண முனிவரின் பழமையான உறைவிடம் ஒன்று, சிப்பிகளைத் திறந்து வந்த செல்வத்தோடு தொடர்புடையவனின் கொடையாகும். ஈரிந்திரிய உயிரை மிதியாமல் இருக்க மயிற்பீலியால் தரையை வருடி நடந்தவர், அந்தக் கல்லில் படுத்தார்!

இதற்கு இரு வகையாக விடை கூறுவோர் உண்டு. முனிவர் கொடையின் மூலத்தை ஆராயக் கடமைப்பட்டவர் அல்லர் என்பர் ஒரு சாரார். தானத்தால் அப்பாவம் கழிந்தது என்பர் மற்றொரு சாரார். பின்னதை நாம் ஏற்கோம். புண்ணியம் பாவத்தைத் துடைக்கும் துணியன்று. இரண்டும் தனித்தனியே நுகரப்படுவன என்பதே நம் கொள்கை. முன்னதும் முழு நிறைவு தரவில்லை. நாம் காண்பது இவ்வளவே: பாண்டிநாட்டுத் திருவறம் கடற்கரைச் செல்வத்தினின்று ஒதுங்கித் தூய்மையாக நின்று வளரவில்லை, அச்செல்வமுடையோரிடம் சென்று, அவர்கள் நடுவிலிருந்தே அவர்களுக்குக் கொல்லாமையை எடுத்துரைத்தது. அழகர்மலைக் குகையில் கொடை பொறித்தோருள் உப்பு வணிகன், அறுவை வணிகன், கொழு வணிகன் முதலியோர் வருகின்றனர். அவர்களுள் உப்பு வணிகனும் கடற்கரையை நம்பியவனே. ஆனால் அவன் பண்டத்துக்காக ஓர் ஓட்டைத் திறக்க வேண்டியதில்லை. ஒரே நெய்தல் நிலத்தில் இருவகைப் பிழைப்பும் இருந்தன.

கொழு வணிகனைச் சொன்னதும் நம் வீட்டு நினைவு வரவேண்டும். தமிழ்ச் சமணருள் பெரும்பாலோர் வழிவழியாக உழவர். குந்தகுந்தர் சங்கோடு சேர்த்து எண்ணிய காலில்லாப் புழுவை நம் ஏர்முனை ஒவ்வொரு பருவத்திலும் அறுக்கிறது. மண்புழுவும் ஈரிந்திரியமே, சங்கும் ஈரிந்திரியமே. எனவே கீழக்கரையில் மூழ்குவோனை நோக்கி முகம் சுளிக்கும் தகுதி வந்தவாசி உழவனுக்கு இல்லை. வேறுபாடு சங்கற்பத்தில் உள்ளது. உழவன் புழுவைத் தேடி உழுவதில்லை; புழு இல்லாத நிலம் இருப்பின் அவனுக்கு உழவு குறைவுபடாது என்று அவன் நினைக்கிறான். (இந்நாளில் மண்ணறிவியலார் மண்புழுவே உழவனின் துணை என்று சொல்வது வேறு செய்தி.) சங்கு குளிப்போனுக்கோ அவ்வுயிரே குறி. ஆயினும் அவன் பசிக்காக மூழ்குகிறான், உயிரைப் பணயம் வைக்கிறான். நாம் அழகுக்காக வாங்குகிறோம். இருவருள் யாருடைய சங்கற்பம் கனமானது என்று கேட்டால், வாங்குவோனுடையது என்றே நமக்குத் தோன்றுகிறது. அவன் விட்டுவிட எதனையும் இழக்கவேண்டியதில்லை.

வளர்ப்பு முத்தில் குற்றமில்லை என்ற எண்ணமும் பரவியுள்ளது. மன்னார் வளைகுடாவின் நம் பகுதியில் இயற்கை முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நின்றுபோயிற்று. 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்தை வளர்த்துக் காட்டினர். அதன் முறையை அறிந்தோர் அதனைக் கொலையற்றது என்று கூறார். ஒரு சிப்பியை அறுத்து அதன் சதைத் துண்டை எடுத்து, மணியோடு மற்றொரு சிப்பியின் உடலைக் கீறி உள்ளே வைப்பர். முதற்சிப்பி அப்போதே இறக்கும். இரண்டாவதும் முத்தெடுக்கும் வேளையில் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஒரு முத்தில் இரண்டு உயிர் என்று கொண்டாலும் மிகையாகாது.

கரையில் தானே ஒதுங்கிய ஓட்டை எடுக்கலாமா என்று இளைஞர் கேட்கின்றனர். உயிர் நீங்கியது அசித்தம். எடுத்ததால் எவ்வுயிரும் கொல்லப்படவில்லை. ஆனால் எடுக்குமுன் உள்ளே பார்த்தல் வேண்டும். ஒதுங்கிய ஓட்டில் துறவி நண்டு குடியிருப்பது உண்டு. துறவி என்று பெயரிட்டவர் குறும்பர்தாம்; வீடில்லாமல் வாழமுடியாத உயிர் அது! மேலும் மன்னார் வளைகுடாவில் இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகள் 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001இல் பலவகைச் சங்கு, சிப்பி இனங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் சேர்க்கப்பட்டன. நம் ஆசாரியர்கள் ஈராயிரம் ஆண்டுக்கு முன் உயிர் என்று எண்ணிப் பெயர் சுட்டியவற்றை, அரசு இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பெயர் சுட்டத் தொடங்கியிருக்கிறது.

வாழ்நாள் முழுதும் என்றால் அஞ்சுவோர்க்கும் வழியுண்டு. சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் போகோபபோக பரிமாணத்தைச் சொல்லும்போது, ஆயுள் உள்ளளவும் கொள்வதை யமம் என்றும், காலம் வரையறுத்துக் கொள்வதை நியமம் என்றும் பிரித்தார். இராமேசுவரம் செல்லும் குடும்பம் பேருந்து ஏறுமுன், திரும்பும்வரை உயிரின் ஓட்டையும் முத்தையும் விலைக்கு வாங்குவதில்லை என்று நியமம் கொள்ளலாம். மூன்று நாள் விரதம். ஆயினும் அம்மூன்று நாளும் அவிரதியில்லை. பழைய இராமநாதபுர மாவட்டத்து அனுமந்தக்குடியில் பார்சுவநாதருக்குக் கோயில் உள்ளது, மயிலை சீனி. வேங்கடசாமி 1954இல் வெளிவந்த 'சமணமும் தமிழும்' நூலில் அதனைக் குறித்திருக்கிறார். அவ்வழி செல்வோர் அங்கு இறங்கி நியமத்தைக் கொண்டு, கடலைப் பார்த்துத் திரும்பலாம்.

பாட்டி காலத்திலிருந்து வீட்டில் உள்ள சங்கை என்ன செய்வது என்று பெண்மக்கள் கேட்பர். அதனை எறிவதால் எந்த உயிரும் மீளப்போவதில்லை, இருக்கட்டும். குழந்தை எதற்கென்று கேட்டால் அதனுள் வாழ்ந்ததைப் பற்றிச் சொல்லுங்கள். குழந்தைக்குப் பால் புகட்டுவதற்கு மட்டும் நம் வீட்டுப் பெண்கள் வெகுநாளாகவே வெள்ளியிலும் பித்தளையிலும் வார்த்த சங்கை எடுத்து வருகிறார்கள். அதன் பெயர் சங்கு, வடிவும் சங்கு. அதற்காக ஒருவரும் கடலில் மூழ்கவில்லை.